அறிவிப்பிலிருந்து கேள்விக்கு: குடும்பங்களோடும் உலகத்தோடும் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் அனுபவம்

தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை ஆசிரியர் உண்மையான அக்கறையோடு கேட்கும்போதுதான் அந்தக் குடும்பத்தோடு அவருக்கு உறவு ஏற்படுகிறது. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் செய்திகளில் பெரும்பாலானவை அறிவிப்புகள்: விடுமுறை, தேர்வு, கூட்டம், கொண்டுவர வேண்டிய பொருள்கள். அவை தேவைதான், ஆனால் எத்தனை அறிவிப்புகளை அனுப்பினாலும் அவற்றைப் படித்தவர் நம்மோடு பேசத் தொடங்குவதில்லை. வகுப்பறைக்கு வெளியே இருக்கும் பரந்த உலகத்தோடு குழந்தைகளை இணைக்கும்போதும் இதுவே நடக்கிறது. தொலைவிலுள்ள இன்னொரு வகுப்போ ஓர் அறிவியலாளரோ சொன்னால்தான் தெரியவரும் என்ற கேள்வி ஒன்று குழந்தைகளிடம் இருந்தால் அந்தத் தொடர்பு நிலைக்கிறது. இல்லாவிட்டால் கையசைத்து வணக்கம் சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

ஆண்டின் தொடக்கத்தில், பாடங்கள் வேகம் பிடிப்பதற்கு முன்பே, ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி, எந்த நேரத்தில் என்னோடு பேசலாம் என்று ஒரு வரி, மீதி முழுவதும் கேள்விகள். குழந்தையின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேட்டால் எல்லா வீடுகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே பதில்தான் வரும் என்பதால் அப்படிக் கேட்பதில்லை. எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியாமல் இருக்கிறான்? அழுகையோ கோபமோ வந்தால் வீட்டில் எப்படித் தணிக்கிறீர்கள்? வெளியே சொல்லாத பயம் ஏதேனும் உண்டா? வீட்டில் யாரோடு அதிகம் பேசுகிறாள்? சென்ற ஆண்டு பள்ளியில் நடந்தவற்றில் மீண்டும் நடக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பது எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களே எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கின்றன. பல பெற்றோருக்கு அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமலே ஓர் ஆண்டு கழிந்திருக்கும்.

எழுத விரும்பாதவர்களும் எழுத இயலாதவர்களும் உண்டு என்பதால், குழந்தையை அழைத்துப்போக வரும்போது நேரில் சொல்லலாம், கைப்பேசியில் குரல்பதிவாக அனுப்பலாம் என்று கடிதத்திலேயே தெரிவித்துவிடுகிறேன். கடிதத்தை 'அம்மா அப்பாவுக்கு' என்று தொடங்காமல், குழந்தையின் பெயரைச் சொல்லி 'குடும்பத்தாருக்கு' என்று தொடங்குகிறேன். பாட்டி தாத்தாவிடம் வளரும் குழந்தை, தாயோ தந்தையோ தனியாக வளர்க்கும் குழந்தை, உறவினர் வீட்டில் இருக்கும் குழந்தை என எல்லாரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சிறிய மாற்றத்தைக் கவனித்த ஒரு தாத்தா, பள்ளியிலிருந்து தமக்கென்று வந்த முதல் கடிதம் அது என்று சொன்னார்.

இந்தக் கேள்விகளால் வகுப்பறையில் என்ன மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி வாயே திறக்கமாட்டாள். பெயர் சொல்லி அழைத்தால் தலையைக் குனிந்துகொள்வாள். பேச்சு வளர்ச்சியில் குறையோ என்ற ஐயம்கூடப் பள்ளியில் எழுந்தது. கடிதத்துக்குப் பதில் சொல்ல வந்த அவளுடைய பாட்டி, "முகத்தைப் பார்த்துக் கேட்டா பேசமாட்டா டீச்சர். கையில ஏதாவது வேலை இருந்தா தானாப் பேசுவா, நிறுத்தவே முடியாது" என்றார். மறுநாளிலிருந்து வகுப்பு நூலகத்துப் புத்தகங்களை அடுக்குவது, காகிதம் மடிப்பது போன்ற வேலைகளை அவளோடு சேர்ந்து செய்தபடி, அவள் பக்கம் திரும்பாமலே கதையைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் கேட்கத் தொடங்கினேன். அவள் பேசினாள், பாடத்தை எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. அந்தப் பாட்டி வந்து சொல்லியிராவிட்டால், அந்த ஐயமே அவளுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தொலைபேசி. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே குழந்தைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது அல்லது குழந்தை ஏதோ செய்துவிட்டது என்றுதான் குடும்பங்கள் எண்ணிக்கொள்கின்றன. ஆகவே முதல் மாதத்துக்குள், எந்தச் சிக்கலும் இல்லாத ஒரு நாளில், ஒவ்வொரு குடும்பத்தோடும் ஒருமுறையாவது பேசிவிட வேண்டும் என்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்த அழைப்பில் பொதுவான பாராட்டு உதவாது. 'நன்றாகப் படிக்கிறான்' என்பதை யாரும் நம்புவதில்லை. 'இன்று பக்கத்தில் இருந்த பையனுக்குக் கழித்தல் புரியவில்லை. உங்கள் மகன் குச்சிகளை எடுத்துவைத்து அவனுக்குக் காட்டினான்' என்று கண்ணால் கண்ட ஒன்றைச் சொன்னால், ஆசிரியர் தம் பிள்ளையைக் கவனிக்கிறார் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் பேச வேண்டியதில்லை. வேலைக்கு நடுவே அழைக்காமல் இருக்க, எந்த நேரம் வசதி என்பதை முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். யாரோடு பேசியாயிற்று, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது நல்லது. அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால், எளிதில் பேசுபவர்களோடு திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்போம். தயங்குபவர்கள் ஆண்டு முழுவதும் விடுபட்டுப்போவார்கள்.

இதைப் பற்றி ஆய்வுகளும் பேசுகின்றன. பெற்றோர் ஏன் குழந்தையின் படிப்பில் ஈடுபடுகிறார்கள் என்பதை 1990களில் ஆராய்ந்த கேத்லீன் ஹூவர்-டெம்ப்ஸி, ஹோவர்ட் சாண்ட்லர் ஆகிய இருவரும் மூன்று காரணங்களை முன்வைத்தனர்: இது தம் பொறுப்பு என்று பெற்றோர் கருதுவது, தம்மால் உதவ முடியும் என்று நம்புவது, பள்ளியும் குழந்தையும் தம்மை அழைப்பதாக உணர்வது. முதல் இரண்டும் பெற்றோரின் மனத்தைப் பொறுத்தவை என்றாலும் மூன்றாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. மேத்யூ கிராஃப்ட், ஷான் டௌகர்ட்டி ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோடைகாலப் பள்ளியில் குடும்பங்களோடு நாள்தோறும் தொலைபேசியிலும் எழுத்துவழியிலும் தொடர்புகொண்டபோது, மாணவர்கள் வீட்டுப்பாடத்தை முடிப்பதற்கான வாய்ப்பு 40 சதவீதம் உயர்ந்தது. அது ஆறாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு. நாள்தோறும் அழைப்பது எந்த ஆசிரியராலும் ஆண்டு முழுவதும் முடியாத காரியம். ஆயினும் அந்தப் போக்கு சிறிய வகுப்புகளிலும் உண்மை என்பதே என் அனுபவம்.

சிக்கலைச் சொல்ல வேண்டிய நாளும் வரும். அப்போது நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். குழந்தையின் குணம் இப்படிப்பட்டது என்று முடிவு கூறுவதில்லை. 'அடங்காதவன்' என்பதற்கு மாறாக, 'இந்த வாரம் விளையாட்டு நேரத்தில் இரண்டு முறை தள்ளிவிட்டான்' என்பதே செய்தி. பிறகு, வீட்டில் இதுபோல் நடக்கிறதா, அண்மையில் ஏதேனும் மாற்றம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். தங்கை பிறந்திருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், தந்தை வேலைக்காக வெளியூர் சென்றிருக்கலாம். இவற்றில் ஒன்றையும் ஏழு வயதுக் குழந்தை தானாக வந்து சொல்லாது. நானும் குடும்பமும் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்து, மீண்டும் பேசும் நாளையும் குறித்துக்கொண்டுதான் பேச்சை முடிக்கிறேன். குடும்பத்தாரின் மொழி எனக்குத் தெரியாதபோது மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரைத் தேடிக்கொள்கிறேன். தன்னைப் பற்றிய புகாரைக் குழந்தையே மொழிபெயர்த்துத் தன் தாய்க்குச் சொல்லும்படி விடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் கொடுமை.

வீடுகளுக்குச் செல்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் கற்பித்தலை மிகுதியாக மாற்றியது அதுதான். லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்து ஆசிரியர்களோடு சேர்ந்து மெக்சிக வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, அதைப் பற்றி 1992இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் அங்கே சென்றது அறிவுரை சொல்வதற்காக அல்ல, கற்றுக்கொள்வதற்காகச் சென்றார்கள். வேளாண்மை, கட்டடத் தொழில், வணிகம், மருத்துவ மூலிகைகள், இயந்திரப் பழுதுபார்ப்பு என்று அந்த வீடுகளில் பெரும் அறிவுச்செல்வம் குவிந்திருந்ததைக் கண்டு, அதைப் பாடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். வறிய வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு பள்ளிக்கு வருகிறது என்ற எண்ணத்தை அந்தப் பணி உடைத்தது. சாக்ரமெண்டோ நகரில் 1998இல் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய வீட்டுவருகைத் திட்டமும் தெளிவான சில நெறிகளை வகுத்திருக்கிறது: இரு தரப்பினரும் மனமுவந்து, முன்கூட்டியே நேரம் குறித்துச் சந்திப்பது, சிக்கலுள்ள குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுக்காமல் எல்லா வகைக் குடும்பங்களையும் பார்ப்பது, இருவராகச் செல்வது, குழந்தையைப் பற்றிய கனவுகளைப் பேசுவது.

நான் இந்த நெறிகளைப் பின்பற்றியே செல்கிறேன். வீட்டில் சந்திக்க விருப்பமில்லாதவர்களுக்கு நூலகமோ பூங்காவோ பள்ளி வளாகமோ போதும், காரணம் கேட்பதில்லை. கையில் படிவம் எடுத்துச் செல்வதில்லை, பேசும்போது எழுதுவதும் இல்லை, ஏனென்றால் படிவத்தைக் கண்டதும் அது விசாரணையாகிவிடுகிறது. 'உங்கள் மகள் வளர்ந்து எப்படிப்பட்ட மனுஷியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால் மதிப்பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிறகு அவர்களுடைய வேலையைப் பற்றிக் கேட்கிறேன். இங்கேதான் பாடத்துக்கான வாசல் திறக்கிறது.

ஒரு மாணவனின் தந்தை தரைக்கு ஓடு பதிப்பவர். தமக்குப் படிப்பில்லை, பள்ளிக்கு வந்து பேச ஒன்றும் இல்லை என்று உறுதியாக நம்பினார். நான் பேசச் சொல்லவில்லை; வகுப்பறையில் ஒரு மூலை சரியான செங்கோணமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் எடுத்து வந்து, ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை, அந்த மூலை சிறிது விரிந்திருந்தது. நான்காம் வகுப்புக் குழந்தைகள் அதன்பின் பள்ளியின் எல்லா மூலைகளையும் நூல் கட்டி அளந்தார்கள். ஓர் அறைக்கு எத்தனை ஓடு வேண்டும், உடைவதற்காக எத்தனை கூடுதலாக வாங்க வேண்டும் என்று அவர் கேட்டபோது பரப்பளவும் சதவீதமும் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து நின்றன. அவருடைய மகன் அன்று உட்கார்ந்திருந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பள்ளிகள் சிறப்பு விருந்தினராக அழைப்பது பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களையும் பதவியில் இருப்பவர்களையும்தான். அவர்கள் வரட்டும். ஆனால் தைப்பவர், வண்டி ஓட்டுபவர், மீன்பிடிப்பவர், நோயாளிகளைக் கவனிப்பவர், மின்கம்பி பழுதுபார்ப்பவர் ஆகியோரின் அறிவும் கரும்பலகைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வருபவரிடம் உரையாற்றச் சொல்லக் கூடாது. செய்து காட்டச் சொல்ல வேண்டும். குழந்தைகளிடம் முதல் நாளே கேள்விகளைத் தயார்செய்யச் சொல்லிவிட்டால் வருபவரின் கூச்சம் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது.

கைப்பேசிக் குழுக்கள் வேறு வகையான கவனத்தைக் கேட்கின்றன. எல்லாருக்கும் பொதுவான செய்தி மட்டுமே குழுவில் வர வேண்டும். எந்த ஒரு குழந்தையைப் பற்றியும், பாராட்டாகக்கூட, அங்கே எழுதுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தைக்குக் கிடைத்த பாராட்டைப் பார்க்கும் மற்ற வீடுகளில் அன்று மாலை என்ன பேச்சு நடக்கும் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். செய்தி குறுகியதாக இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் யார்க், சுசன்னா லோப் ஆகியோர் முன்பள்ளிக் குழந்தைகளின் பெற்றோருக்கு வாரம் மூன்று குறுஞ்செய்திகள் அனுப்பி ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் செய்தி ஒரு தகவலைச் சொல்லும், அடுத்தது அதையொட்டி வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறிய செயலைச் சொல்லும், மூன்றாவது அந்தச் செயலை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லும். பெற்றோர் வீட்டில் குழந்தையோடு செய்யும் எழுத்தறிவுச் செயல்களும் குழந்தைகளின் தொடக்க எழுத்தறிவும் அதனால் கூடின. நானும் இதே முறையில், குளிக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ செய்துவிடக்கூடிய ஒன்றைத்தான் எழுதுகிறேன்: 'இன்று படியேறும்போது இரண்டிரண்டாக எண்ணச் சொல்லுங்கள்.' இணைய வசதி இல்லாத வீட்டுக்கு இதே வரி ஒரு துண்டுத் தாளில் போகிறது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலைகளிலும் ஒரு கேள்வி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் விளையாடிய விளையாட்டின் விதிகளைக் கேட்டு எழுதி வருவது, அவர் செய்த முதல் வேலையைப் பற்றிக் கேட்டு வருவது போன்றவை எந்த வீட்டாலும் முடியும்; காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. குடும்ப மரம் வரையச் சொல்லும் பாடங்களில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. பெற்றோரை இழந்த குழந்தைக்கும் தந்தையை அறியாத குழந்தைக்கும் அது வெற்றுக் கட்டங்கள் நிறைந்த ஒரு தாளாகிவிடும். 'உன்னைப் பார்த்துக்கொள்பவர்களை வரைந்து காட்டு' என்று மாற்றிக் கேட்டால் எல்லாருடைய தாளும் நிறைகிறது.

இனி வெளியுலகம். வகுப்பறையை வெளியுலகத்தோடு இணைப்பதைப் புதிய தொழில்நுட்பத்தின் விளைவு என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் 1920களிலேயே தென்பிரான்சில் பார்-சுர்-லூ என்ற சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த செலஸ்தேன் ஃப்ரெனே, வகுப்பறையில் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வைத்து, குழந்தைகள் தாமே எழுதியவற்றை அவர்களைக் கொண்டே அச்சிடச் செய்து, வடமேற்குக் கடற்கரைப் பகுதியான பிரித்தானியிலிருந்த ஒரு வகுப்போடு பரிமாறிக்கொண்டார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டிருந்த அவரால் நீண்ட நேரம் உரக்கப் பேசி நடத்த முடியவில்லை. மலைப்பகுதிக் குழந்தைகள் கடலோரக் குழந்தைகளுக்காக எழுதியபோது, தாங்கள் அன்றாடம் பார்த்தும் கவனியாமல் விட்டவற்றை விளக்க வேண்டியிருந்தது. தன் ஊரைத் தெரியாதவருக்கு எழுதும்போதுதான் குழந்தை தன் ஊரைப் பார்க்கிறது என்பதை நானும் வகுப்புக் கடிதங்களில் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடிதப் பரிமாற்றம் தொடங்க நிறுவனம் எதுவும் தேவையில்லை. நம்பகமான ஓர் ஆசிரியர் மறுமுனையில் இருந்தால் போதும். ஆனால் குழந்தைகளிடம் அறிவிப்பதற்கு முன்பே அவரோடு சிலவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் எத்தனை முறை எழுதுவது, எந்த வாரங்களில், எந்த மொழியில், அங்கே மாணவர் எண்ணிக்கை வேறுபட்டால் யார் இரண்டு கடிதம் எழுதுவது, அனுப்பும் முன் இரு ஆசிரியர்களும் படித்துப் பார்ப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒரு குழந்தைக்கு மட்டும் பதில் வராத நாள் எவ்வளவு கசப்பானது என்பதால், உபரியாக ஓரிரு கடிதங்களை ஆசிரியரே எழுதி வைத்திருப்பது நல்லது. முகவரி, முழுப் பெயர், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவை கடிதத்தில் இடம்பெறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'உனக்குப் பிடித்த நிறம் என்ன?' என்பதோடு நின்றுவிடாமல், அங்கே இருப்பவர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும் என்ற கேள்வியைத் தேட வேண்டும்.

அப்படிப்பட்ட கேள்விகளில் நிழலைப் போன்ற ஒன்று எனக்கு வேறு கிடைக்கவில்லை. மார்ச் 20, 21 அல்லது செப்டம்பர் 22, 23ஆம் நாளையொட்டி, பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, இரண்டு பள்ளிகளும் ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலை அளந்து ஒன்றுக்கொன்று அனுப்புகின்றன. கடிகாரத்தின் 12 மணியும் சூரியனின் நண்பகலும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, இருப்பதிலேயே குட்டையான நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாளில் நிலநடுக்கோட்டில் நிழல் ஏறக்குறைய இராது. 10 பாகை அட்சரேகையில் சுமார் 18 சென்டிமீட்டர், 30 பாகையில் சுமார் 58 சென்டிமீட்டர், 45 பாகையில் குச்சியின் உயரமே நிழலின் நீளமாகவும் இருக்கும். எங்களைவிட வெகுவாக வடக்கே இருந்த வகுப்பிலிருந்து அவர்கள் அளந்த நீளம் வந்தபோது, அவர்கள் தவறாக அளந்துவிட்டார்கள் என்று எங்கள் பிள்ளைகள் சாதித்தார்கள். புகைப்படம் வந்தது. அதன்பின் உலக உருண்டையில் இரண்டு தீக்குச்சிகளை ஒட்டி, விளக்கொளியில் காட்டி, பூமி உருண்டையாக இருப்பதால்தான் இப்படி என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர், எகிப்திலுள்ள சையீன், அலெக்சாந்திரியா ஆகிய நகரங்களுக்கிடையே வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கோண வேறுபாட்டைக் கண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட முறை இதுவே என்று பிறகு சொன்னேன். முதலில் சொல்லியிருந்தால் அது இன்னொரு பாடமாகப் போயிருக்கும்.

அன்று மாலை குழந்தைகள் வீடுகளிலும் நிழலை அளந்தார்கள். சிறுவயதில் தன் நிழலைத் தன் காலடியால் அளந்து மணி சொன்னதாக ஒரு சிறுவனின் தாத்தா கூறவே, அந்த முறையைக் கேட்டு எழுதிவந்து, தொலைவிலிருந்த வகுப்புக்கும் அனுப்பினோம். குடும்பத்தொடர்பும் உலகத்தொடர்பும் வெவ்வேறு திட்டங்கள் என்ற எண்ணம் அதோடு என்னிடமிருந்து நீங்கிவிட்டது.

அமைப்புகளின் வழியே செல்ல விரும்புபவர்களுக்கும் நல்ல வாய்ப்புகள் உண்டு. யுனெஸ்கோவின் இணைப்புப் பள்ளிகள் வலையமைப்பு 1953இல் தொடங்கியது. 1988இல் நியூயார்க், மாஸ்கோ மாணவர்களிடையே தொடங்கிய முயற்சியிலிருந்து ஐயர்ன் என்ற பன்னாட்டு வலையமைப்பு வளர்ந்தது. ஐரோப்பியப் பள்ளிகளுக்காக 2005இல் ஈட்வின்னிங் வந்தது. 1995 முதல் நடக்கும் குளோப் திட்டத்தில் குழந்தைகள் வெப்பம், மேகம், மழை, மண் ஆகியவற்றை அளந்து அறிவியலாளர்களும் பயன்படுத்தும் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள்கள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் பறவைகளை எண்ணினாலே பங்கெடுத்துவிடலாம். இதைத்தான் தொடங்குபவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் குடும்பமே சேர்ந்து எண்ணலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தோடு அமெச்சூர் வானொலி (ஆர்வலர்கள் தாமே இயக்கும் வானொலி) வழியே பள்ளிகள் பேசும் திட்டமும் இருக்கிறது. நிலையம் தலைக்கு மேலே கடந்துபோகும் ஏறத்தாழ பத்து நிமிடங்களே பேச முடியும் என்பதால், குழந்தைகள் கேள்விகளைச் செதுக்கிச் செதுக்கிச் சுருக்குகிறார்கள். அந்த அனுபவம் கிடைக்காத பள்ளியும் அந்தச் செதுக்கலை மேற்கொள்ளலாம்: ஒரு அறிவியலாளருக்கோ அருங்காட்சியகத்துக்கோ எழுதும்போது, பத்துக் கேள்விகளை அனுப்பாமல், வகுப்பே கூடி விவாதித்துத் தேர்ந்த ஒரே கேள்வியை அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு கூடுகிறது.

நேரலைக் காணொளி அழைப்பை நான் அளவோடுதான் பயன்படுத்துகிறேன். சிறு குழந்தைகளுக்கு இருபது நிமிடம் போதும். துணிச்சலான நான்கு பேர் பேச மற்றவர்கள் திரையைப் பார்த்திருப்பதே பெரும்பாலும் நடப்பதால், ஒலிப்பதிவுகளையும் வரைபடங்களையும் பரிமாறிக்கொள்வது கூச்சமுள்ள குழந்தைக்கும் இடம் தருகிறது. படங்களை வெளியிடுவதற்குக் குடும்பத்தின் ஒப்புதலோடு குழந்தையின் ஒப்புதலையும் கேட்கிறேன். 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு குழந்தையின் கருத்துக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. 16ஆவது பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. வேண்டாம் என்று தலையசைக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் இந்த இரண்டும் பொருந்தும்.

ஒரு தரப்பு கொடுக்க, மறு தரப்பு பெற்றுக்கொண்டு நன்றி மட்டும் சொல்லும் தொடர்புகளை நான் ஏற்பதில்லை. பரிசுப் பெட்டிகளை அனுப்பிப் புகைப்படம் கேட்கும் திட்டங்களில், பெறும் குழந்தை தாழ்வையும் கொடுக்கும் குழந்தை இரக்கத்தையும் கற்றுக்கொள்கிறது. இருவருமே மற்றவரிடமிருந்து அறிந்துகொள்ள எதுவும் இல்லை என்றாகிவிடுகிறது. நிழலளவு அனுப்பினால் நிழலளவு வரும், கதை அனுப்பினால் கதை வரும். அந்தச் சமநிலையை மறுமுனையிலுள்ள ஆசிரியரும் விரும்புகிறாரா என்பதை முதல் உரையாடலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் ஒருவர் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களிடம் நான் சொல்வது, முதல் ஆண்டில் தொடக்கக் கடிதமும் சிக்கலற்ற நாளின் தொலைபேசி அழைப்பும் மட்டும் போதும் என்பதே. இரண்டாம் ஆண்டில் ஒரு பெற்றோரின் தொழில், ஒரு பறவைக் கணக்கெடுப்பு. அது கைக்கு வந்தபின் கடிதப் பரிமாற்றம். இரவு எட்டு மணிக்கு மேல் வரும் செய்திகளுக்கு மறுநாள்தான் பதில் சொல்வேன் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். குடும்பங்கள் அதை மதிக்கின்றன. தலைமையாசிரியரிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்வதும் பின்னால் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

ஆண்டு முடியும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்த ஆசிரியருக்காக அரைப்பக்கக் குறிப்பு எழுதி, அனுப்பும் முன் குடும்பத்தாரிடம் படித்துக்காட்டுகிறேன். எந்த நேரத்தில் அழைக்கலாம், எந்த மொழியில் பேசினால் எளிது, வீட்டில் யாரிடம் பேச வேண்டும், குழந்தை அழுதால் எது உதவும், வகுப்புக்கு வந்து எதைக் காட்ட அவர்கள் தயாராக இருக்கிறார்கள் என்பவை அதில் இருக்கும். நம்பிக்கையோடு என்னிடம் சொன்ன துயரங்களும் பணச் சிக்கல்களும் அதில் இடம்பெறுவதில்லை. அவற்றைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. வெட்டச் சொன்ன வரிகளை வெட்டிவிடுகிறேன், சேர்க்கச் சொன்னவற்றைச் சேர்க்கிறேன். அவர்களுடைய ஒப்புதலோடுதான் குறிப்பு அடுத்த வகுப்பு ஆசிரியரின் கைக்குப் போகிறது.